சேதுவில் தங்குமிடம்: பெருங்குடும்பங்களை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

இராமேசுவரத்தின் பிராகாரங்களை அளந்து எழுதியவர்கள் உண்டு. பாம்பன் கால்வாயின் நீரோட்டத்தையும், மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளையும் ஆராய்ந்தவர்களும் உண்டு. ஆயினும், திண்டுக்கல்லுக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் கன்னிவாடியிலிருந்து புறப்பட்ட ஒரு பெருங்குடும்பம், அந்தத் தீவில் போய் இறங்கிய இரவில், கையைக் கடிக்காத வாடகையில் எங்கே பாய் விரிப்பது என்ற வினாவை, அறிஞர் எவரும் விசாரணைக்கு உரிய விஷயமாகக் கருதவில்லை. படுக்க இடம் கிடைத்த பிறகு எழுத உட்காருகிறவர்களுக்குப் படுக்கையைப் பற்றிய கவலை எழுவதில்லை என்பதே இதற்குக் காரணமாக இருக்கக்கூடும். அந்தக் குறையை ஓரளவு நிவர்த்தி செய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் தீவு வாசம் என்பதன் இலக்கணத்தை வரையறுத்துக்கொள்வது நலம். உஷ்ண மண்டலத் தீவு ஒன்றில் சில நாட்களைக் கழிப்பது இக்காலத்தில் செல்வந்தர்களின் லட்சணமாகக் கருதப்படுகிறது. குளிர் தேசத்தவர்கள் அதற்காகவே ஆண்டு முழுவதும் பணம் சேர்க்கிறார்கள் என்றும் கேள்வி. ஆனால் கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்டதெல்லாம் உஷ்ண மண்டலமே என்று பூகோள சாஸ்திரம் கூறுவதால், பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 10 பாகையில் அமைந்த கன்னிவாடியார்க்கு உஷ்ணம் பிறப்புரிமையாகவும் இலவசமாகவும் கிடைத்துவிடுகிறது. சித்திரை மாதத்தில் அது வேண்டிய அளவுக்கு மேலேயே கிடைக்கிறது. எனவே அவர்கள் விலை கொடுத்து வாங்கவேண்டியது தீவு என்ற பாதி மட்டுமே. கடலே இல்லாத ஜில்லாவில் பிறந்தவர்களுக்கு அந்தப் பாதியின் மேல் ஏற்படும் மோகம் எத்தகையது என்பதைக் கடற்கரையில் வாழ்பவர்கள் உணர மாட்டார்கள்.

எந்தத் தீவு என்பது அடுத்த வினா. மாலத்தீவை ஆராய்ந்த இளைய தலைமுறையினர், அங்கே ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற முறை நெடுங்காலம் நிலவியதையும், மக்கள் வசிக்கும் தீவுகளில் சிறு விடுதிகள் நடத்த 2009 வாக்கில்தான் வழி திறந்தது என்பதையும், எங்கும் கணக்கு டாலரிலேயே சொல்லப்படுவதையும் கண்டு மௌனமாயினர். இலட்சத்தீவுக்கு நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தமானுக்கு விமானம் வேண்டும். இல்லையேல் கப்பலில் சில நாட்கள் வேண்டும். மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே, 21 தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. வாடகை கேட்பார் ஒருவரும் அங்கே இல்லை. ஆயினும் 1986 முதல் அவை கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவையாதலால் அங்கே தங்குவார் ஒருவரும் இருக்கலாகாது. இவ்வாறு ஒவ்வொன்றாகக் கழித்து வந்தால் எஞ்சுவது இராமேசுவரமே. பாலம் உண்டு, பஸ் உண்டு, போனால் புண்ணியமும் உண்டு. உல்லாசத்துக்குச் செலவழிப்பதாகச் சொன்னால் முகம் சுளிக்கும் அப்பத்தா, சேதுஸ்நானம் என்றால் சுருக்குப்பையை அவிழ்க்கிறாள் என்பது பொருளாதார சாஸ்திரிகள் கவனிக்கத் தக்கது.

இனிப் பெருங்குடும்பத்தின் இலக்கணம். நம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரிக் குடும்பத்தில் அப்பத்தா ஒருவர்; அவருடைய மூன்று மகன்களும் மருமகள்மாரும் அறுவர்; இரண்டு மகள்களும் மாப்பிள்ளைகளும் நால்வர்; பேரன் பேத்திகள் ஒன்பதின்மர்; அவர்களில் மூத்த பேரனுக்குத் தையில் கல்யாணம் ஆகிவிட்டதால் அவன் மனைவி ஒருத்தி; அவளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் உடன் வந்த சம்பந்திகள் இருவர்; ஆக 23 பேர். இந்தத் தொகை சாமானியர் கண்ணுக்கு நிலையானதாகத் தோன்றினும், பரிசோதனையில் அவ்வாறன்று. ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு ரயிலில் சீட்டு வேண்டியதில்லை என்பதால், கடைசிப் பேத்தி ரயிலில் போக நேரும்போதெல்லாம் நான்கரை வயதினளாகவும், பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஆறு வயதினளாகவும், விடுதியின் வாசலில் தாயின் இடுப்பை விட்டு இறங்காத கைக்குழந்தையாகவும் விளங்குகிறாள். ஒரே ஜீவன் ஒரே காலத்தில் இத்தனை அவஸ்தைகளை அடைவதை வேதாந்திகளும் விளக்கியதில்லை.

தங்குமிடத்தைப் பற்றிய ஞானம் எவ்வாறு உண்டாகிறது என்பதை நியாய சாஸ்திரத்தின் நான்கு பிரமாணங்களைக்கொண்டே விளக்கிவிடலாம். பிரத்தியட்சம் என்பது கைப்பேசியில் காணும் புகைப்படம். அறையின் ஒரு மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்று எடுக்கப்பட்டதாதலால், கட்டிலையும் சுவரையும் தவிர வேறொன்றுமில்லாத இடம் அதில் கல்யாண மண்டபமாகக் காட்சியளிக்கும். ஆகவே அது பிரத்தியட்சமன்று, பிரத்தியட்ச ஆபாசம். அனுமானமாவது, புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பதுபோல, தள்ளுபடியைக் கண்டு தண்ணீர்க் கஷ்டத்தை ஊகிப்பது. உபமானத்தைக் கன்னிவாடியார் பெரிதும் நம்புகிறார்கள், பழனி அவர்களுக்குப் பக்கத்து ஊராதலால், எந்த க்ஷேத்திரத்தையும் அதைக்கொண்டே அளந்து, “பழனி மாதிரித்தான் இருக்கும், போய் எறங்குனா தேவஸ்தான ரூம் கெடைக்காமலா போயிரும்?” என்பார்கள். ஆனால் எல்லாவற்றிலும் வலிமை மிக்கதும் அபாயகரமானதும் சப்தப் பிரமாணம், அதாவது ஏற்கெனவே போய்வந்த உறவினரின் வாக்கு. “போன தடவை நாங்க போனப்ப எரநூறு ரூவாதான்” என்று சின்ன மாமா அறுதியிட்டுச் சொன்னால் மறுப்பார் இல்லை. அந்தப் போன தடவை 1988 அக்டோபரில் சாலைப் பாலம் திறக்கப்படுவதற்கு முன்னதா பின்னதா என்பதை விசாரிப்பது மட்டும் மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது.

இங்கே சரித்திரத்துக்குள் சற்று நுழைய வேண்டியிருக்கிறது. மதுரை நாயக்கர் ஆட்சியில் பாளையப்பட்டாக இருந்த கன்னிவாடிக்கு, ஒரு பக்கம் ரெட்டியார்சத்திரம், சற்று எட்ட ஒட்டன்சத்திரம் என்று, பிரயாணிகளுக்குப் படுக்க இடம் கொடுத்ததனாலேயே பெயர் பெற்ற ஊர்கள் வாய்த்திருக்கின்றன. இரண்டு சத்திரங்களுக்கு நடுவே பரம்பரையாக வாழ்ந்தவர்கள், வெளியூரில் படுக்க இடம் கேட்டு நிற்க நேர்வது விதியின் விளையாட்டுத்தான். தென்னாட்டுப் பாதைகளில் நடந்து சென்றவர்களுக்காக ராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்த செய்தியை மதுரையில் ரயிலடிக்கு எதிரே இன்றும் நிற்கும் சத்திரம் நினைவூட்டுகிறது. சேதுவைக் காப்பதையே பட்டமாகக்கொண்ட இராமநாதபுரம் சேதுபதிகள், யாத்திரை வழியெங்கும் சத்திரங்கள் எழுப்பி, அவற்றுக்குக் கிராமங்களையும் மானியமாக விட்டார்கள். தஞ்சை மராத்திய மன்னர்களோ தஞ்சையிலிருந்து கடற்கரையோரமாகச் சேது நோக்கிச் செல்லும் பாதையில் சத்திரங்களை வரிசையாகக் கட்டி, அரண்மனைப் பெண்டிரின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டினார்கள். ஒரத்தநாட்டில் 1802-இல் எழுந்த முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் பேர்பெற்றது.

அந்தச் சத்திரங்களில் என்ன நடந்தது என்பதற்குத் தஞ்சைச் சரபோஜி மன்னர் 1801-இல் கிழக்கிந்தியக் கும்பினியாரின் ரெசிடெண்டுக்கு எழுதிய நீண்ட கடிதமே சான்று. ராஜ்யத்தின் நிர்வாகம் கும்பினியாரிடம் போய்விட்ட நிலையில், சத்திரங்களையாவது தம் பொறுப்பில் விட்டுவைக்க வேண்டும் என்று மன்றாடி எழுதிய கடிதம் அது. வருகிறவர்களுக்கெல்லாம் சோறு, சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசியும் சாமான்களும், நோயாளிகளுக்கும் விஷக்கடி பட்டவர்களுக்கும் வைத்தியர், குழந்தைகளுக்குப் பால், கர்ப்பிணிகளுக்கு வேண்டிய பராமரிப்பு, வழியில் இறந்துபோனவர்களுக்கு அவரவர் முறைப்படி சம்ஸ்காரம். இவ்வளவும் முடிந்து, நள்ளிரவில் ஒரு மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் இருந்தால் வரலாம் என்று கூவி அழைக்கும் வழக்கமும் இருந்ததாக அக்கடிதம் தெரிவிக்கிறது. இக்கால விடுதிகளில் நள்ளிரவில் மணி அடித்தால், அது அடுத்த அறைக்காரர் கீழே இருப்பவரை எழுப்பித் தண்ணீர் வரவில்லை என்று முறையிடுவதாகவே இருக்கும்.

ஆயினும் பழமையைப் புகழ்வதற்கும் ஓர் எல்லை உண்டு. எல்லாச் சாதியாருக்கும் சோறு என்று மன்னர் எழுதியிருப்பினும், நாட்டிலிருந்த சத்திரங்கள் பலவற்றில் பந்தி வேறு, கிணறு வேறு. சில, குறிப்பிட்ட வகுப்பாருக்காகவே கட்டப்பட்டவை. வாசலிலேயே குலம் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கடிதங்கள் எந்த ஏட்டிலும் சேரவில்லை. ஆதார் அட்டையைக் கேட்டு, அதைப் பிரதி எடுத்துக்கொண்டு, எவராயினும் சாவியைக் கொடுத்துவிடுகிற லாட்ஜ் மானேஜரை, இந்த ஓர் அம்சத்தில் ராஜாக்களுக்கு மேலானவராகவே நாம் கருதுகிறோம். மற்ற அம்சங்களில் நம் அபிப்பிராயம் பின்னர் விளங்கும்.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலத்தின் மேல் ரயில் ஓடத் தொடங்கியபோது, வாரக்கணக்கில் நடந்த யாத்திரை மணிக்கணக்கில் முடியலாயிற்று. வழிச் சத்திரங்களில் தங்கித் தங்கிச் சென்ற கூட்டம் முழுவதும் ஒரே மூச்சில் தீவில் போய் இறங்கிற்று. நூறு சத்திரங்கள் பகிர்ந்துகொண்ட பாரம் ஓர் ஊரின் தலையில் விழுந்தது. அதைத் தாங்கும்பொருட்டு நகரத்தார் விடுதி, வடநாட்டு வணிகர்களின் தர்மசாலைகள், மடங்கள், தேவஸ்தான அறைகள் என்று பலவும் கோயிலைச் சுற்றி எழுந்தன. தீவின் மறுமுனையில் ரயிலடியும் கப்பல் துறையுமாக விளங்கிய தனுஷ்கோடியோ 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்தது. இன்று பகலில் போய்ப் பார்க்கலாம், இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்று, 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி ராமநவமியன்று புதிய பாலம் திறக்கப்படும் வரையிலான இடைக்காலத்தில், ரயிலில் வந்தவர்கள் தீவுக்கு இப்புறமே இறங்கி பஸ் பிடித்தார்கள். இப்போது மறுபடியும் ரயில், மறுபடியும் கூட்டம், ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் வந்துவிட்டால், அறை என்ற பேச்சையே எடுக்க வேண்டியதில்லை.

இனிப் பிரச்சினையின் மூலத்துக்கு வருவோம். தங்குமிடத்தின் விலை ஏறிவிட்டது என்று உலகத்தார் புலம்புகிறார்கள். விலை ஏறியது மெய்தான். ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைகளுக்கு இல்லாதிருந்த ஜி.எஸ்.டி. 2022 ஜூலையில் 12 சதவீதமாக வந்து சேர்ந்து, 2025 செப்டம்பரில் 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது. ஆனால் நம் சித்தாந்தம் யாதெனில், மாறிப்போனது விலையன்று, அளவை. சத்திரம் மனிதரைத் தலைக்கணக்கில் எண்ணிற்று. லாட்ஜ் அவரைக் கட்டில் கணக்கில் எண்ணுகிறது. டபுள் ரூம் என்ற வஸ்துவைக் கண்டுபிடித்தவர், மனித இனம் இரண்டிரண்டு பேராகவே பிரயாணம் செய்கிறது என்று நம்பியிருக்கவேண்டும். பெரியம்மாவையும் அத்தையையும் சம்பந்தியையும் அவர் பார்த்ததில்லை. 23-ஐ இரண்டால் வகுத்தால் பதினொன்றரை வரும். அரை அறை எங்கும் வாடகைக்கு விடப்படாமையால் 12 அறைகள் வேண்டும். 12 அறைகளின் வாடகையைக் கேட்ட மாத்திரத்தில், மூத்த மகனும் குடும்பத்தாரனைவராலும் பெரியப்பா என்றே அழைக்கப்படுபவருமான தலைவருக்கு வியர்க்கும். அப்போது நடைபெறும் சம்பாஷணையை ஒரு மூல ஆவணமாக இங்கே பதிவு செய்கிறோம்.

“எத்தனை ரூம்ணே வேணும்?”

“ரூம் எதுக்குத் தம்பி? ஒரு ஹால் இருந்தாக் குடுங்க. பொம்பளையாளுக ஒரு பக்கம், ஆம்பளையாளுக ஒரு பக்கம் படுத்துக்குவோம்.”

“ஹாலெல்லாம் புக் ஆயிருச்சுண்ணே. டபுள் ரூம்தான். மூணு பேருக்கு மேல விடமாட்டோம். எக்ஸ்ட்ரா பெட்டுக்குத் தனிக் காசு.”

“பூராம் சின்னப் பிள்ளைகதான் தம்பி.”

இந்த வாக்கியம் உச்சரிக்கப்படும்போது, மீசை அரும்பிய பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பெரியப்பாவின் முதுகுக்குப் பின்னால் குனிந்து நிற்பது மரபு. மானேஜர் அவனைப் பார்க்கிறார்; பார்த்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. கடைசியில் ஐந்து அறைகளுக்குப் பேரம் படிகிறது. இரவு பத்து மணிக்கு மேல் எக்ஸ்ட்ரா பெட் என்ற பெயரில் வரும் மெத்தைகளின் எண்ணிக்கையைவிட, பையிலிருந்து வெளிவரும் ஜமக்காளங்களின் எண்ணிக்கை அதிகமாக இருப்பதை எந்த விடுதியும் இதுவரை தடுக்க முடிந்ததில்லை.

அறைகள் கிடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று கருதுவது பூர்வபக்ஷம். ஐந்து அறைகளில் 23 பேரை அமர்த்துவதற்குக் கணிதம் பயன்படாது. குடும்ப சரித்திரமே பயன்படும். சம்பந்திகளுக்குத் தனி அறை கொடுத்தாக வேண்டும், அதுவும் குளிர்சாதனத்தோடு. புதுமணத் தம்பதிக்குத் தனி அறை கொடுக்க வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இரண்டாவது மருமகளும் மூத்த மகளும் ஒரு நகை விஷயமாக நெடுங்காலமாகப் பேசிக்கொள்வதில்லை. சின்ன மாப்பிள்ளையின் குறட்டை தாலுகா முழுவதும் அறிந்தது. எஞ்சிய மூன்று அறைகளில் எஞ்சிய மனிதர்களை இந்த நிபந்தனைகள் ஒன்றும் மீறப்படாமல் அமர்த்துவதற்கு வழி கண்டவர் அப்பத்தா ஒருவரே. அவர் தம் பாயை அறைகளுக்கு நடுவிலுள்ள நடையில் விரித்துக்கொண்டு, “நான் இங்கனயே கெடக்கேன், நீங்க என்னமும் செஞ்சுக்கங்க” என்று சொல்லிவிடுவார். அந்தச் சொல்லுக்கு அஞ்சி அனைவரும் கிடைத்த இடத்தில் படுத்துவிடுவார்கள்.

உண்மையில் விடுதியொன்றின் தகுதியைப் படுக்கையைக்கொண்டு அளப்பதே பிழை. ஸ்படிக லிங்க தரிசனம் விடியற்காலை ஐந்து மணியளவில், அதற்கு முன் 23 பேர் குளிக்க வேண்டும், குளியலறை ஐந்து. இந்த விகிதாசாரம் வேறெந்த க்ஷேத்திரத்திலும் இருப்பதுதான். இராமேசுவரத்தின் விசேஷம் அதன் பிறகே தொடங்குகிறது. அக்னி தீர்த்தம் என்னும் கடலில் மூழ்கி, நனைந்த உடையோடு கோயிலுக்குள் போய், 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் வார்க்கப்பட்டு, ஈரத்தோடு சந்நிதிக்குப் போகலாகாது என்பதால் உலர்ந்த உடை மாற்றிக்கொண்டு தரிசனம் முடித்துத் திரும்பும்போது, குடும்பத்தின் உடைமைகளில் பாதி, ஈரமாகவும் மணலோடும் கைகளில் தொங்குகிறது. ஒன்பது சின்னாளப்பட்டிச் சேலைகள், வேட்டிகள், துண்டுகள், பிள்ளைகளின் உடுப்புகள் ஆகிய இவ்வளவையும் ஐந்து டபுள் ரூம்களின் ஜன்னல் கம்பிகளில் உலர்த்த இயலாது. மொட்டை மாடியும் கொடிக்கயிறும் உள்ள விடுதி, கட்டில் உடைந்திருப்பினும் உத்தமம்; மாடியைப் பூட்டி வைத்திருக்கும் விடுதி, பளிங்குத் தரையிட்டதாயினும் அதமம். விடுதிகளுக்கு நட்சத்திரம் வழங்குகிறவர்கள் கொடிக்கயிற்றின் நீளத்தை அளப்பதில்லை என்பது அம்முறையின் பெருங்குறை.

பழைய சத்திரங்களில் இன்றும் இடம் கிடைக்காமல் இல்லை. முன்கூட்டியே எழுதிக் கேட்டோ, அறங்காவலரைத் தெரிந்தவரைத் தெரிந்த ஒருவரைப் பிடித்தோ, ஒரு கூடத்தையும் இரண்டு அறைகளையும் சொற்ப வாடகைக்குப் பெற்றுவிட்டால், அதற்கு மேலான பாக்கியம் இல்லை என்பதே நம் முடிபு. கோயில் வளாகத்தில் அறக்கட்டளைகள் நடத்தும் ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைகளுக்கு வரியும் கிடையாது. கூடம் என்பது கட்டில் கணக்குக்கு அடங்காதது. அதில் பதினேழு பேரும் படுக்கலாம், பதினெட்டாமவர் வந்தால் பதினேழு பேரும் சற்று நகர்ந்து கொள்ளலாம். ஆனால் அத்தகைய இடங்களில், “பூட்டு நீங்கதான் கொண்டாரணும்” என்பார்கள். இந்த நிபந்தனையைக் கேட்டு மற்ற ஜில்லாக்காரர்கள் கடைத்தெருவுக்கு ஓடும்போது, திண்டுக்கல் ஜில்லாக்காரர் மடியிலிருந்து மாங்காய்ப் பூட்டு ஒன்றை எடுத்து நிதானமாக மாட்டுவதில் ஒரு கம்பீரம் உண்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அப்பூட்டு, அறையில் உள்ள அத்தனை பொருள்களையும் சேர்த்துப் பார்த்தாலும் அவற்றைவிட விலை கூடியதாக இருப்பது வேறு விஷயம். மதியத்தில் அதன் ஒரே சாவி சின்ன மாப்பிள்ளையோடு தனுஷ்கோடிக்குப் போய்விடுவதும் வேறு விஷயமே.

கூடத்தின் பெருமையை ஆராய்ந்துகொண்டிருந்த பெரியப்பாவுக்கு, கோயிலின் மூன்றாம் பிராகாரத்தைக் கண்டபோது ஒரு புதிய கருத்து உதித்தது. 18-ஆம் நூற்றாண்டில் சேதுபதிகள் கட்டி முடித்ததும், ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட தூண்களை உடையதுமான அந்த நெடுவெளியைக் கண்ணால் அளந்து, தூணுக்கு ஒருவர் வீதம் படுத்தாலும் நம் ஊர்க்காரர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அடங்கிவிடுவார்கள், காற்றும் வரும் என்று அவர் கணக்கிட்டார். இரவில் நடை சாத்திவிடுகிறார்கள் என்ற நிர்வாகக் காரணம் ஒன்றைத் தவிர, இந்தத் திட்டத்தில் நமக்கும் குற்றம் ஒன்றும் தென்படவில்லை.

இத்தனை விசாரணைக்குப் பிறகும் ஒரு கேள்வி எஞ்சியிருந்ததை, முதல் நாள் இரவு, சாப்பாட்டுக்குப் பின்னரே அனைவரும் உணர்ந்தார்கள். திண்டுக்கல்லில் வாடகைக்குப் பேசிக் கொண்டுவந்த வேனுக்கு ஒரு டிரைவர் உண்டு. தலைக்கணக்கிலும் அவர் சேரவில்லை. கட்டில் கணக்கிலும் சேரவில்லை. பிரமாணங்கள் நான்கும் அவரைக் குறித்து மௌனம் சாதித்தன. பெரியப்பா சங்கடத்தோடு கீழே இறங்கிப் போய்க் கேட்டபோது, “நமக்கு வண்டியே போதும்ணே. ஒரு கொசுவத்தி மட்டும் வாங்கிக் குடுத்துருங்க” என்று அவர் சொல்லிவிட்டார். விடுதியில் வண்டி நிறுத்த இடம் இல்லாமையால் வேன் கடற்கரையோரமாக நிறுத்தப்பட்டிருந்தது. கடலைப் பார்த்த அறைக்குத் தனி வாடகை என்று மானேஜர் சொன்னதை நினைத்துக்கொண்டே மாடியேறிய பெரியப்பா, மறுநாள் இரவு, இரண்டு தம்பிமாரோடும் சின்ன மாப்பிள்ளையோடும் தலையணைகளைத் தூக்கிக்கொண்டு வேனை நோக்கிப் போனார். சின்ன மாப்பிள்ளையைக் கண்டதும் டிரைவர், வண்டிக்கு வெளியே படுத்துக்கொள்ள அப்பத்தாவிடம் ஒரு பாய் கிடைக்குமா என்று விசாரித்தார்.